பழைய வியூக ஆட்டங்களின் மறுபதிப்பு

சதுரங்கம் ஆடுவோர்க்குப் பலகை பழுதுபட்டாற் கவலையில்லை. நிலத்திலே கோடு கீறி, கல்லும் ஓடும் வைத்து ஆடிவிடலாம். ஆட்டத்தின் விதிகள் ஆடுவோர் நெஞ்சிலே உள்ளன. கணினியில் ஆடப்படும் வியூக ஆட்டங்களோ அத்தகையன அல்ல. அவற்றின் களமும் காயும் விதியும் ஒருங்கே, நிரல் என்னும் கட்டளைத் தொகுதியினுள் அடங்கிக் கிடக்கின்றன. அந்நிரல் இயங்குதற்குரிய பொறி வழக்கொழிந்தால் ஆட்டமும் உடனொழியும். ஆதலின், இவ்வகை ஆட்டங்களை மறுபதிப்புச் செய்வது எங்ஙனம், அம்மறுபதிப்பு நிலைபெறுதற்கு யாது வேண்டும் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வியூக ஆட்டமாவது, ஆடுவோன் ஒரு படைக்கோ நாட்டிற்கோ தலைவனாய் நின்று, பொருள் ஈட்டி, நகர் அமைத்து, படை திரட்டி, மாற்றானை வெல்ல முயலும் ஆட்டம். இவற்றுட் பெரும்புகழ் பெற்ற ஒன்று, ‘கொமாண்ட் அன் கொங்கர்’ என்பது. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலிருந்த வெஸ்ற்வூட் ஸ்ரூடியோஸ் என்னும் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. அடுத்த ஆண்டில் ‘ரெட் அலேர்ட்’ என்னும் ஆட்டம் தொடர்ந்தது. 1998இல் அந்நிறுவனத்தை எலெக்றோனிக் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் வாங்கிற்று. 2003இல் மூடியும் விட்டது. ஆட்டங்களை ஆக்கியோருட் சிலர் அதே நகரில் பெற்றோகிளிவ் என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கினர்.

இதற்கிடையிற் பழைய ஆட்டம் முதுமையெய்திற்று. அகலத்தில் 320 புள்ளியும் உயரத்தில் 200 புள்ளியுமே கொண்ட திரைக்கென வரையப்பட்ட ஓவியங்கள், இக்காலத்துப் பெருந்திரையிற் கட்டங்கட்டமாய்ச் சிதறித் தோன்றின. டொஸ் என்னும் பழைய இயக்க முறைமைக்கென எழுதப்பட்ட நிரலைப் புதிய கணினிகள் நேரே ஏற்கமாட்டாவாயின. இந்நிலையில், 2020ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேற்கூறிய இரண்டு ஆட்டங்களும் மறுபதிப்பாய் வெளிவந்தன. அப்பணியை முன்னின்று செய்தது, பழைய ஆசிரியரிற் சிலரைக் கொண்ட பெற்றோகிளிவ் நிறுவனமே. ஓவியங்கள் யாவும் புதிதாய் வரையப்பட்டன. ஆயினும் தனியாளாய் ஆடுங்கால் ஒரு விசையை அழுத்தியதும் பழைய ஓவியமே திரையில் தோன்றுமாறும் அமைத்தனர். ஆட்டத்தின் விதிகளை நடத்துவதோ பழைய நிரலே.

இம்மட்டில் நின்றிருப்பின் அது பழைய வீட்டிற்குச் சுண்ணம் பூசியது போன்றதாகும். அதனினும் மேலான மூன்று செயல்கள் ஈண்டுக் குறிக்கத்தக்கன.

முதலாவது, தேசப்படம் ஆக்குங் கருவியை ஆட்டத்துடன் சேர்த்து வழங்கியமை. ஆறு எங்கே ஓடும், பாலம் எங்கே நிற்கும், கனிப்பொருள் எங்கே கிடைக்கும் என்பவற்றையெல்லாம் ஆடுவோர் தாமே வகுத்துப் புதிய களம் அமைக்கலாம். இரண்டாவது, மொட் எனப்படும் மாற்றாக்கத்திற்கு வழிவிட்டமை. ஒரு வாகனத்தின் விலை, வேகம், வலிமை என்பவற்றை மாற்றுதலும், புதிய படைக்கலத்தைச் சேர்த்தலும், அவ்வாறு ஆக்கியதைப் பிறர்க்கு வழங்குதலும் இதனுள் அடங்கும். மூன்றாவது, இரண்டு ஆட்டங்களின் இயக்கப் பகுதிகளுக்குரிய மூலநிரலை ஜீ.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டமை. அவ்வுரிமத்தின்படி யாரும் நிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். வழங்குங்கால் அதே உரிமையைப் பெறுவோர்க்கும் அளித்தல் வேண்டும். 2025 பெப்ரவரியில் அவ்விரண்டின் ஆதி நிரல்களும், அவ்வரிசையிற் பிற சில ஆட்டங்களின் நிரல்களும் அவ்வாறே வெளியிடப்பட்டன. ஓவியமும் இசையும் இவ்வுரிமத்துள் அடங்கா என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

கருவியை ஆடுவோர் கையிற் கொடுப்பதனால் விளையும் பயன் யாது? அதற்கு ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ இரண்டாம் ஆட்டத்தின் வரலாறு சான்றாகும். 1999இல் என்செம்பிள் ஸ்ரூடியோஸ் ஆக்கி மைக்ரோசொவ்ற் வெளியிட்ட அவ்வாட்டத்தில் 13 மக்கட் கூட்டத்தார் இடம்பெற்றனர். பிரித்தானியர், சீனர், பாரசீகர் முதலியோர் இருந்தனர், இந்திய நாட்டார் ஒருவரும் இலர். ஆயினும் அதனுடன் களம் அமைக்குங் கருவியொன்றும் இருந்தது. இன்ன நிகழின் இன்னது விளைக என்னும் முறையில் அதிற் கட்டளையிடலாம். படைத்தலைவன் ஆற்றைக் கடப்பின் மறுகரையிற் பகைவர் தோன்றுக என்பது போல்வன அவை.

2009ஆம் ஆண்டில் என்செம்பிள் நிறுவனம் மூடப்பட்டது. ஆட்டமோ மடியவில்லை. அதனை விரும்பி ஆடியோர் சிலர் ஒன்றுகூடி, ‘போகொற்றன் எம்பயர்ஸ்’ என்னும் பெயரில், எவரும் ஏவாமலே ஒரு விரிவாக்கத்தை ஆக்கினர். அதன் சிறப்பைக் கண்ட வெளியீட்டார் 2013இல் அதனைத் திருத்தி முறையான வெளியீடாகவே ஏற்றுக்கொண்டனர். இந்தியர் என்னும் கூட்டத்தார் அவ்வாட்டத்தில் முறையாக இடம்பெற்றது அப்பொழுதே. 2019இல் வெளிவந்த புதிய மறுபதிப்பிலும் அவ்வன்பர் குழுவிற்றோன்றிய நிறுவனமே முதன்மைப் பணியாற்றிற்று. 2022 ஏப்ரலில் இந்தியர் என்ற ஒற்றைப் பெயர் பகுக்கப்பட்டு, வங்காளர், கூர்ச்சரர், திராவிடர் என்போர் தனித்தனியே இடம்பெற்றனர். திராவிடர்க்கு உருமி வாள்வீரரும் திரிசடை என்னும் மரக்கலமும் உரியன. முதலாம் இராசேந்திர சோழனின் போர்களும் தொடர்கதையாய் அமைந்தன. 1999இல் இல்லாத சோழர் கடற்படை 2022இல் அக்களத்திற் புகுந்தது. ஆடினோரே ஆக்குவோராய் வளர்ந்ததன் பயன் அது.

இதற்கு மாறானதும் உண்டு. பிளிசாட் நிறுவனம் 2002இல் வெளியிட்ட ‘வோர்கிராவ்ற்’ மூன்றாம் ஆட்டத்துடன் சிறந்த களக்கருவி இருந்தது. அதனைக் கொண்டு ஆடுவோர் ஆக்கிய ஒரு களத்திலிருந்தே ‘டோற்றா’ என்னும் புதியதோர் ஆட்டவகை கிளைத்துப் பிறிதொரு நிறுவனத்திற்குப் பெரும்புகழ் ஈட்டிற்று. 2020 சனவரியில் அம்மூன்றாம் ஆட்டம் மறுபதிப்பானபோது, ஆடுவோர் அதில் ஆக்குவன யாவும் நிறுவனத்திற்கே உரியன என்று விதி வகுக்கப்பட்டது. ஆடுவோர் தாமே ஆக்கிய தொடர்களை ஆடும் வசதியும் தொடக்கத்தில் இல்லாதொழிந்தது. பழைய பதிப்பை வைத்திருந்தோரும் இணையத்தில் ஆடுதற்குப் புதியதையே ஏற்க வேண்டியவராயினர். பலர் மனங்கசந்தனர், நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நேர்ந்தது. பின்னர்ச் சில குறைகள் திருத்தப்பட்டனவாயினும் இழந்த நம்பிக்கை எளிதில் மீளவில்லை.

கருவி கொடுப்பதிலும் இடர் இல்லாமலில்லை. ஆட்டம் திருத்தப்படுந்தோறும் பழைய மாற்றாக்கங்கள் பழுதுபடக்கூடும். எண்ணிறந்த களங்களுள் நல்லதைத் தேர்தலும் அரிது. எனினும் இவை வளர்ச்சியின் இடர்கள். பூட்டிவைத்தலின் இடரோ அழிவு. நிறுவனங்கள் தோன்றும், விற்கப்படும், மூடப்படும். அவற்றின் பெட்டகத்துள் மட்டும் இருக்கும் ஆட்டம் அவற்றோடு மறையும். ஆயிரவர் கையில் இருப்பதோ எஞ்சும்.

மாணவர்க்கு ஒன்று கூறுவோம். ஆட்டத்தில் வீணே பொழுதைக் கழித்தல் தகாது என்பது பெரியோர் கூற்று. அதனை யாமும் மறுக்கோம். ஆயின் ஆடும் நேரத்திற் பாதியையேனும் ஆக்குதற்குச் செலவிடுக. ஒரு களத்தை வகுத்து, இருபக்கத்தார்க்கும் நடுவுநிலை பிறழாமல் பொருளைப் பங்கிட்டு, விதிகளை எழுதிச் சோதித்துப் பார்ப்பவன், அளவையும் கணிதமும் நிரலாக்கமும் ஒருங்கே பயில்கின்றான். விடுமுறை நாளில் ஒரு சிறு தேசப்படத்தை வரைந்து தோழன் ஒருவனை அதில் ஆடச்செய்து, அவன் எங்கே இடர்ப்படுகின்றான் என்று நோக்குவானாக. அதுவே நல்ல தொடக்கமாகும்.