நம்பர் வந்துவிட்டது, படங்கள் எங்கே?

தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் கும்மிடிப்பூண்டியின் செல்போன் கடைகளில் கூட்டம் கூடும். சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்தவர்கள் பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, மீதியை இ.எம்.ஐ.யில் போட்டு, புதியதோடு திரும்புவார்கள். ஆண்ட்ராய்டு வைத்திருந்த இளைஞர் ஐபோனுக்கு மாறலாம். தவணை கட்டி அலுத்தவர் ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்குத் திரும்பலாம். பொத்தான் வைத்த ஜியோபோனிலிருந்து ஓர் அம்மா முதன்முறையாகத் தொடுதிரைக்கு வரலாம். மூன்றுமே ஓர் இயங்குதளத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர்வதுதான். சிம்மைக் கழற்றிப் போட்டால் நம்பர் கூடவே வந்துவிடுகிறது. சேவை நிறுவனத்தையே மாற்றினாலும் வரும். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள எண் மாற்ற வசதி அதைப் பயனாளியின் உரிமையாக்கிவிட்டது. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வேலை தொடங்கிவிடும். பத்து இலக்கத்துக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, பத்து வருடப் படங்களுக்கு இல்லை.

அந்தப் படங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில் ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்து ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு வீடு என்பது பெரும்பாலும் கேலரிக்குள் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி இலங்கை அகதிகள் முகாமில் உள்ளவர்களுக்கோ கடல் தாண்டி விட்டு வந்த சொந்தங்களின் முகங்கள் அதில் இருக்கின்றன. உள்ளூர்க் குடும்பங்களிலும் பட்டா நகல், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, மருத்துவச் சீட்டு எல்லாம் இப்போது போட்டோவாகவே கிடக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை திருவள்ளூர் மாவட்டத்தை மூழ்கடித்தபோது, காகித ஆல்பத்தைத் தண்ணீர் என்ன செய்யும் என்பதை இந்த ஊர்கள் பார்த்தன. போனில் இருந்தால் பத்திரம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் போன் மாற்றும் நாளும் ஒரு சிறு வெள்ளம்தான். படங்கள் மொத்தமாக அடித்துப் போகாவிட்டாலும், எது எப்போது எடுத்தது என்ற வரிசை கலைந்துபோகிறது. அதனால் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஆப் வேகமாக மாற்றும் என்பதல்ல. படத்தோடு அதன் தேதியும் இடமும் சேர்ந்து வருகிறதா, இரண்டு நிறுவனத்தையும் சாராத ஒரு பிரதி நம் கையில் இருக்கிறதா என்பதுதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். ஆண்ட்ராய்டில் எடுத்த படம் ஐபோனில் ஓடாது என்று பலர் நினைக்கிறார்கள். படத்துக்கு இயங்குதளம் கிடையாது. பெரும்பாலான போட்டோக்கள் ஜேபெக் என்ற வடிவில் சேமிக்கப்படுகின்றன. 1992-இல் உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்ட அந்த வடிவத்தைத் திறக்காத கருவி இன்று அரிது. இதற்குச் சாட்சி பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-இல் நின்றுபோனது. நோக்கியா நம்பியிருந்த சிம்பியன் இயங்குதளம் கைவிடப்பட்டது. 2011-இல் நோக்கியா கைகோத்த விண்டோஸ் போனின் வழித்தோன்றலுக்கும் 2020 தொடக்கத்தோடு மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்தது. பிளாக்பெர்ரி தன் பழைய போன்களுக்கான சேவையை 2022 ஜனவரி 4-இல் நிறுத்தியது. ஆலை போயிற்று, இயங்குதளங்கள் போயின. அந்த போன்களில் எடுத்த ஜேபெக் படங்களை மெமரி கார்டில் எடுத்து வைத்திருந்தவர்கள் இன்றைக்கும் திறந்து பார்க்கலாம். போன் கம்பெனியை நம்பாத பிரதிதான் தங்கியது.

படம் எளிதாக மாறும் என்றால், பிறகு எது தொலைகிறது? கேமரா ஒரு போட்டோ எடுக்கும்போது அந்தக் கோப்புக்குள்ளேயே சிறு குறிப்பு ஒன்றையும் எழுதி வைக்கிறது. எடுத்த நாள், நேரம், எந்த போன், அனுமதி கொடுத்திருந்தால் எந்த இடம் என்பவை அதில் இருக்கும். எக்ஸிஃப் என்பது அதன் பெயர். பழைய ஆல்பங்களில் போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பார்களே, அதே வேலைதான். கோப்பை அப்படியே நகலெடுத்தால் இந்தக் குறிப்பும் கூடவே போகும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால், படத்தைச் சுருக்கும்போதே குறிப்பையும் அது துடைத்துவிடுகிறது. துடைக்கப்பட்ட படம் புதிய போனுக்குள் நுழையும்போது, கேலரிக்குத் தெரிவது அந்தக் கோப்பு உள்ளே வந்த தேதி மட்டும்தான். பேரனின் பெயர் சூட்டு விழாவும் அவனுடைய பள்ளி ஆண்டு விழாவும் நேற்று நடந்ததுபோல ஒரே தேதியில் குவிவது இதனால்தான். ஆண்ட்ராய்டில் சேமிக்கப்பட்ட வாட்ஸ்அப் படங்களின் கோப்புப் பெயரில் 20190412 என்பதுபோல ஆண்டு, மாதம், நாள் வரிசையாக இருக்கும். அந்தப் பெயரை மாற்றாமல் வைத்திருந்தால், படம் வந்து சேர்ந்த தேதியாவது மிஞ்சும்.

ஒரு காலத்தில் நம் ஊர்களில் இந்த வேலையை ஷேர்இட், ஜெண்டர் ஆகிய ஆப்கள் செய்துவந்தன. நெட் செலவில்லாமல் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு தாவும். 2020 ஜூன் 29-இல் மத்திய அரசு தடை செய்த 59 ஆப்களில் இரண்டும் இருந்தன. அவை போனபின், கைப்பழக்கம் உள்ள ஒரே வண்டியாகப் பலருக்கு வாட்ஸ்அப் ஆகிவிட்டது. ஆனால் அது பேசுவதற்கான வண்டி, வீட்டைக் காலி செய்து ஏற்றிக்கொண்டு போவதற்கானது அல்ல. அவசரத்துக்கு அதையே பயன்படுத்தினாலும், போட்டோவாக அல்லாமல் ஆவணமாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். இந்த வேறுபாடு சட்டத்திலும் எதிரொலிக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணு ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுக்கும்போது தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் எண்ணும் இடம்பெற வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. படத்தைச் சுருக்கினால் கண்ணுக்கு அதே படம்தான், கைரேகை வேறு. ஆலையில் அடிபட்ட கையின் படத்தையோ, கூலிக் கணக்கு எழுதிய தாளின் படத்தையோ வைத்திருக்கும் தொழிலாளிக்கு அசல் கோப்பின் மதிப்பு இங்கேதான் தெரியும்.

ஐபோன் பக்கம் வேறு சிக்கல்கள். 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல், புதிய ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்த எச்.ஈ.ஐ.சி. என்ற வடிவில் படங்களைச் சேமிக்கின்றன. இன்றைய ஆண்ட்ராய்டுகள் அதைத் திறந்துவிடும். பழைய போன்களும் பிரவுசிங் சென்டர் கணினிகளும் தடுமாறும். கேமரா அமைப்பில் வடிவத்தை மாற்றி வைத்தால் இனி எடுப்பவை ஜேபெக்காக வரும். அசையும் படமான லைவ் போட்டோ, உண்மையில் ஒரு படமும் ஒரு குட்டி வீடியோவும் சேர்ந்த ஜோடி. எல்லை தாண்டும்போது ஜோடி பிரிந்துவிடலாம். இதற்கெல்லாம் நிறுவனங்களே பாலம் கட்டியிருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆப்பிள் 2015-லேயே ஆண்ட்ராய்டிலிருந்து வருபவர்களுக்காக ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப்பைத் தந்தது. கூகுளும் சாம்சங்கும் எதிர்த்திசைக்குக் கருவிகள் வைத்திருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாலங்கள் பெரும்பாலும் புதிய போனை முதன்முறை அமைக்கும் நேரத்துக்கென்றே கட்டப்பட்டவை. அந்தத் தருணம் தவறினால் புதிய போனை அழித்து மறுபடி தொடங்க நேரலாம். அதைவிட, ஒவ்வொரு நிறுவனமும் தன் வீட்டுக்குள் வரும் வாசலை அகலமாகவும் வெளியே போகும் வாசலைக் குறுகலாகவும் வைப்பது வியாபார இயல்பு.

அடுத்த வாதம் கிளவுட். எல்லாம் மேலே இருக்கிறது, கணக்கில் நுழைந்தால் இறங்கிவிடும் என்பார்கள். பலருக்கு அது உண்மையிலேயே எளிய வழி. ஐபோனிலும் கூகுள் போட்டோஸ் ஆப் ஓடும் என்பதால், அங்கே ஏற்றி வைத்திருந்தவருக்கு மாற்றமே தெரியாது. ஆனால் அந்த எளிமை ஒரு நிபந்தனையில் நிற்கிறது. 2015-இல் வந்தபோது கூகுள் போட்டோஸ், சற்றே சுருக்கிய படங்களுக்கு அளவில்லாத இலவச இடம் தந்தது. 2021 ஜூன் 1 முதல் அது நின்றது. இப்போது மெயிலுக்கும் சேர்த்து இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஐகிளவுடில் 5 ஜிபி. அதற்குமேல் மாத வாடகை. மேலும், கிளவுட் என்பதை லாக்கர் என்று புரிந்துகொண்டவர்கள் ஏமாறுவது அதன் ஒத்திசைவுப் பழக்கத்தால்தான். போனில் இடம் வேண்டுமென்று அந்த ஆப்பிலேயே அழித்தால் மேலேயும் அழிகிறது. ஐபோனில் இடம் மிச்சம் பிடிக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால், போனில் கிடப்பது சிறு பிரதிதான், அசல் மேலே. கேபிள் போட்டு எடுத்தவருக்கு எல்லாம் வந்ததுபோல் தெரியும், பாதி வந்திருக்காது. கூகுளின் டேக்அவுட் வழியாக மொத்தமாக இறக்கினாலும், சேவைக்குள் திருத்திய தேதிகளும் விளக்கங்களும் தனித் துணைக்கோப்புகளில் வருவதால் படத்தையும் குறிப்பையும் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் சொல்ல வருவது கிளவுட் வேண்டாம் என்பதல்ல. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு திண்ணை வேண்டும். பழைய போனிலிருந்து சாமான்களை நேராகப் புதிய போனுக்குள் தள்ளாமல், முதலில் திண்ணையில் இறக்கி எண்ணிப் பார்க்க வேண்டும். டைப்-சி முனை உள்ள ஒரு பென் டிரைவோ சிறு ஹார்ட் டிஸ்க்கோ போதும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருந்தால் ஆண்ட்ராய்டில் பெரும்பாலானவையும் ஐபோனும் கணினியும் அதைப் படிக்கும், 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவும் ஏறும். ஆண்ட்ராய்டில் கேமரா படங்கள் டி.சி.ஐ.எம். என்ற ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப் படங்கள் வேறிடத்தில் கிடக்கும், அதையும் தேடி எடுக்க வேண்டும். 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஐபோனின் ஃபைல்ஸ் ஆப்பே பென் டிரைவைத் திறக்கிறது. 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி துளையும் வந்துவிட்டது. முந்தையவற்றுக்கு ஓர் இணைப்பான் வேண்டும். ஐபோனை விண்டோஸ் கணினியில் இணைப்பவர்கள், போட்டோஸ் அமைப்பின் அடியில் அசலை அப்படியே வைத்திருக்கும் தேர்வைப் போட்டுவிட்டால், பாதியில் அறுந்துபோகும் தொல்லை குறையும். இறக்கி முடித்தபின் எண்ணிக்கையைச் சரிபார்த்து, முதல் வருடத்தில் சில, நடுவில் சில, கடைசியில் சில என்று திறந்தும் பார்த்துவிட வேண்டும்.

இத்தனை மெனக்கெட வேண்டுமா, பாதிப் படங்கள் காலை வணக்கப் பூக்கள்தானே என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பதில் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் சுமப்பது பாதுகாப்பு ஆகாது. திண்ணையில் இறக்கும் நேரமே குப்பையைக் கழிக்கும் நேரம். ஆனால் எதைக் கழிப்பது என்பதைப் படத்தின் சொந்தக்காரர் தீர்மானிக்க வேண்டும், ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்ற அறிவிப்பு தீர்மானிக்கக் கூடாது. கடைக்காரரிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடித்துத் தருவார் என்பதும் உண்மை; பலர் நேர்மையாகவே செய்கிறார்கள். ஆனாலும் கடைவீதிக் கணினி ஒன்றில் ஒரு குடும்பத்தின் மொத்தக் கேலரியும் தங்கிச் செல்வது, குறிப்பாகப் பெண்களுக்கு, சிறிய விஷயமல்ல. கடையில்தான் செய்ய வேண்டுமென்றால் உடனிருந்து, தம் பென் டிரைவிலேயே நகலெடுக்கச் சொல்வது நல்லது.

இதையெல்லாம் தனி மனிதரின் தலையில் கட்டுவது சரியா என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். சரியல்ல என்பதே என் பதில். ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, தன் தரவை எடுத்துக்கொண்டு வேறிடம் போகும் உரிமையைத் தருகிறது. ஐகிளவுடிலிருந்து கூகுள் போட்டோஸுக்கு நேரடியாக நகலெடுக்கும் சேவையை ஆப்பிள் 2021-இல் தொடங்கியபோது, முதல் பட்டியலில் ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் இருந்தன, இந்தியா இல்லை. இங்கே 2019-ஆம் ஆண்டின் மசோதாவில் அத்தகைய உரிமை இருந்தது. 2023-இல் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. போட்டிச் சந்தையே பாலம் கட்டிவிடும், சட்டம் எதற்கு என்பவர்கள் எண் மாற்றத்தை நினைத்துப் பார்க்கலாம். நிறுவனங்கள் தாமாக விரும்பி அதைத் தந்துவிடவில்லை. ஒழுங்குமுறை ஆணையம் விதி வகுத்தபின்தான் வந்தது.

சட்டம் வரும்வரை மாற்றிக்கொள்ளக் கூடியது வேலையின் வரிசையை மட்டும்தான். எக்ஸ்சேஞ்சில் பழைய போனை வாங்குவதும் புதியதைத் தருவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. படங்கள் தொலைவது தொழில்நுட்பத்தால் என்பதைவிட, இந்தக் கைமாற்றத்தின் அவசரத்தால்தான் அதிகம். போனஸ் வருவதற்கு ஒரு வாரம் முன்பே படங்களைத் திண்ணையில் இறக்கிவிட்டவருக்கு, கடையில் எந்த போனைக் காட்டினாலும் கவலையில்லை. அவர் அன்றைக்கு வாங்குவது ஒரு கேமராவும் திரையும்தான். ஆல்பம் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.