32 பிட் கணினிக்கு ‘டெபியன்’ டாட்டா காட்டியது ஏன்?

ராயபுரத்தில் துறைமுகத்தை நம்பி ஓடும் ஒரு சின்ன லாரி புக்கிங் ஆபீஸ் என்று வைத்துக்கொள்வோம். மூலையில் ஒரு பழைய கணினி. பில் போட, மெயில் பார்க்க அதுதான். விண்டோஸ் திணறியபோது, தெரிந்த பையன் வந்து லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். “காசே கிடையாதுண்ணே, அப்டேட் அதுவா வரும்” என்றான். சொன்னபடியே பல வருஷம் வந்தது. அந்தக் கணினி 32 பிட் என்றால், இனி புதிய பதிப்பு வராது.

2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியான டெபியன் 13-இல், 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கு கெர்னலும் இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை. முடிந்தால் 64 பிட்டுக்கு மாறுங்கள், இல்லையென்றால் கணினிக்கு ஓய்வு கொடுங்கள் என்கிறது டெபியன். உபுண்டுவும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடித்தளமாகக் கொண்டவைதான். உபுண்டு 32 பிட்டை முன்பே கைவிட்டுவிட்டது.

யார் எடுத்த முடிவு?

டெபியனுக்கு முதலாளி கிடையாது. உலகம் முழுக்க இருக்கும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள். அதில் கிட்டத்தட்ட 70 ஆயிரம் மென்பொருள் தொகுப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆதரிக்கப்படும் ஒவ்வொரு சிப் வகையிலும் ஓட வேண்டும். ஏதோ ஒரு வகையில் மட்டும் தகராறு செய்தால், யாராவது உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். இவரை ‘போர்ட்டர்’ என்பார்கள். துறைமுகப் பக்கம் இருப்பவர்களுக்குப் பரிச்சயமான பெயர். சுமை என்னவோ வேறு.

சிக்கல் இங்கேதான். மென்பொருள் எழுதுகிறவர் கையில் இருப்பது 64 பிட் லேப்டாப். 32 பிட்டில் ஏதாவது உடைந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பழைய மெஷின் வைத்திருப்பவரோ, ஓடுகிறவரை ஓட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்.

இன்டெல்லின் இட்டானியம் சிப்புக்கு நேர்ந்ததைப் பாருங்கள். பராமரிக்க ஆள் இல்லாததால், 2021-இல் லினக்ஸ் கெர்னலில் அதன் பகுதியை ‘அனாதை’ என்று குறித்தார்கள். அதன் பிறகும் பொறுப்பேற்க ஆள் அமையவில்லை. 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில் அந்தப் பகுதியே இல்லை.

2038 என்ற கெடு

பழைய 32 பிட் அமைப்புகளில் நேரத்தை எண்ணும் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பி வழிந்துவிடும். டெபியன் 13-இல் 32 பிட் ஏஆர்எம் சிப்புகளுக்கு இதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான தொகுப்புகளைத் தொட்ட பெரிய வேலை அது. 32 பிட் இன்டெல் வகையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். பழைய 32 பிட் மென்பொருள்களை 64 பிட் கணினியில் ஓட்ட மட்டும்தான் இனி அது.

எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. டெபியன் 13-இல் ‘ரிஸ்க்-ஃபைவ்’ முதல்முறையாக அதிகாரபூர்வ இடம் பிடித்திருக்கிறது. சென்னை ஐஐடியின் ‘சக்தி’ சிப்புகள் இந்த வகைதான். வாங்குவதற்கே ஆள் குறைவாக இருந்த காலத்திலிருந்து, சில தன்னார்வலர்கள் விடாமல் ஒவ்வொரு தொகுப்பாகச் சரிசெய்து கொண்டுவந்த இடம் இது.

உங்கள் கணினி எந்த வகை?

கைவிடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். டெர்மினலில் எல்-எஸ்-சி-பி-யு என்று ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்து அடியுங்கள். வரும் விவரத்தில் 64 பிட் என்றும் இருந்தால், சிப் 64 பிட். மேலே போட்ட லினக்ஸ் மட்டும்தான் 32 பிட். ரேம் குறைவு என்று இப்படிப் போட்டுக் கொடுத்த கணினிகள் நிறைய. பேக்கப் எடுத்துவிட்டு 64 பிட் பதிப்பை நிறுவினால் போதும்.

நிஜமாகவே 32 பிட் என்றால், டெபியன் 12-இலேயே இருங்கள். அதன் நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை. பிரவுசர் அதற்கு முன்பே கைவிடலாம்: 32 பிட் லினக்ஸுக்கான ஆதரவை 2026-இல் முடிப்பதாக ஃபயர்பாக்ஸ் அறிவித்துவிட்டது.

புரோகிராம் எழுதத் தெரிந்தால்தான் உதவ முடியும் என்றில்லை. சோதனைப் பதிப்பைப் பழைய மெஷினில் நிறுவி, எந்த மாடல், எந்தக் கட்டத்தில் நின்றது என்று எழுதி அனுப்புவதே பாதி வேலை. அந்த மெஷின் ஜெர்மனியில் உட்கார்ந்து வேலை செய்கிறவரிடம் இருக்காது. திருவொற்றியூரில் ஒரு பரணில் இருக்கலாம்.