ஈ என்றால் ஏ என்று கேட்கும்

ஆனி பிறந்ததும் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கத் தொடங்கும். தென்காசியில் வெயிலும் தூறலும் மாறி மாறி வரும். குற்றாலத்தில் பேரருவி கொட்டும். சீசன் என்று ஊர் ஊராக ஆட்கள் வந்து இறங்கும் அதே நாட்களில், இந்தப் பக்கத்து இழுப்புக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். குளிர்காற்று, ஈரச் சுவரில் படரும் பூஞ்சை, வீட்டுக்கு வீடு சுற்றும் சளி மூன்றும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். சாரல் காற்று பட்டால் நெஞ்சு சரியாகிவிடும் என்று நம்பி வந்து, அருவியில் நனைந்து, இரவு லாட்ஜில் உட்கார்ந்தபடியே விடியும்வரை மூச்சு வாங்கியவர்களும் உண்டு.

'எளைக்குது' என்ற ஒரே சொல்லோடுதான் எல்லாரும் டாக்டரிடம் போகிறோம். அந்தச் சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கலாம், நுரையீரலின் சதை கெட்டிருக்கலாம், நுரையீரலைச் சுற்றியிருக்கும் இரட்டை உறையான ப்ளூராவுக்குள் நீர் கோத்திருக்கலாம். இதயமும் ரத்தசோகையும்கூட இளைப்பாகத்தான் வெளியே தெரியும். மருந்து இதற்கு வேறு, அதற்கு வேறு. ஆகவே எந்த இடத்தில் கோளாறு என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

அதற்கான பழைய கருவி விரல். குற்றாலநாதர் கோயிலின் தலமரம் குறும்பலா. பலாவைத் தட்டிப் பார்த்து வாங்குவது இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே வித்தையை நெஞ்சில் செய்து பார்த்து 1761-இல் புத்தகம் போட்டவர் ஆஸ்திரிய வைத்தியர் அவுன்புருகர். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டி உள்ளே எவ்வளவு மது மிச்சம் என்று பார்ப்பதை மகன் கவனித்திருந்தார் என்பார்கள். காற்று நிறைந்த நெஞ்சு மேளம்போல் ஒலிக்கும். நீர் கோத்த இடத்தில் தட்டினால் கல்லைத் தட்டியதுபோல் மொத்தென்று இருக்கும்.

அடுத்தது காது. 1816-இல் பாரிஸில் லென்னெக் என்ற மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் நெஞ்சில் காதை வைக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை அது. அவர் கண்டுபிடித்த விசித்திரங்களில் எனக்கு மிகப் பிடித்தது ஆட்டுக்குரல். ப்ளூராவில் நீர் கோத்தவரை 'ஈ' என்று இழுக்கச் சொல்லிவிட்டு, நீர்மட்டத்தின் மேல்விளிம்பில் குழலை வைத்தால் 'ஏ' என்று ஆடு கத்துவதுபோல் கேட்கும். ஸ்கேன் இல்லாத சிற்றூர் மருத்துவமனையிலும் இதற்குச் செலவு கிடையாது. இவ்வளவும் கேட்டறிந்த லென்னெக் 1826-இல் காசநோயால்தான் இறந்தார்.

ப்ளூராவின் இரண்டு உறைகளுக்கும் நடுவே சில தேக்கரண்டி நீர் எப்போதும் இருக்கும், உராயாமல் வழுக்குவதற்காக. அது பெருகினால் நுரையீரல் விரிய இடமில்லை. நின்றபடி எடுக்கும் எக்ஸ்ரேயில் கீழ்மூலை மழுங்கித் தெரிய ஏறக்குறைய 200 மில்லி சேர வேண்டும். அல்ட்ராசவுண்ட் அதற்கும் குறைவானதையே காட்டிக்கொடுக்கும். நோயாளியை மேசைமேல் சாய்த்து உட்காரவைத்து, முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி இன்னொரு ஊசி இறக்குவார்கள். கீழ்விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கம் போவதில்லை. ஒரே மூச்சில் ஒன்றரை லிட்டருக்குமேல் பொதுவாக எடுக்கமாட்டார்கள்; நசுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென விரிந்தால் அதுவே வீங்கிவிடலாம்.

வைக்கோல் நிறத்தில் வரும் அந்த நீர் நம் நாட்டில் பெரும்பாலும் காசநோயின் கைவேலை. ஆனால் அதில் கிருமியைத் தேடினால் எளிதில் கிடைக்காது. உறையில் கிருமிகள் கொஞ்சம்தான். உடம்பு அவற்றோடு போடும் சண்டைதான் பெரிது. அதனால் அந்தச் சண்டையின் அடையாளமான ஏடிஏ என்ற நொதியை அளப்பார்கள். சளியில் தேடுவது வேறு கதை: சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் கிருமியையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சொல்லிவிடும். அரசு மருத்துவமனையில் இது இலவசம்.

நல்ல காற்றே காசநோய்க்கு மருந்து என்று உலகமே நம்பிய காலம் ஒன்று இருந்தது. தாம்பரம் சானடோரியம் 1928-இல் அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான். அந்த நம்பிக்கையைச் சாய்த்ததும் சென்னையே. 1956-இல் தொடங்கிய ஆய்வில் ஒரு பாதி நோயாளிகளைச் சானடோரியத்திலும் மறுபாதியை நெரிசலான அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் காசநோயாளியை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது இதற்குப் பிறகுதான்.

மூச்சுக்குழாய்க்கு வருவோம். இங்கேதான் நாம் அதிகம் ஏமாறுகிறோம். எக்ஸ்ரே படத்தை மஞ்சள் பையில் போட்டு வருடக்கணக்காகச் சுமக்கிறவர்கள் பலர். ஆஸ்துமாக்காரரின் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். குழாய் எவ்வளவு குறுகியது என்பது நிழற்படத்தில் விழாது, ஊதினால்தான் தெரியும். குழாயின் உள்விட்டம் பாதியானால் காற்றுக்குத் தடை இரண்டு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு.

ஊதிப் பார்க்கும் கருவி ஸ்பைரோமீட்டர். 1846-இல் லண்டனில் ஹட்சின்சன் என்பவர் நீரில் மிதக்கும் தொட்டியொன்றை வைத்து 2000 பேருக்குமேல் ஊதவைத்து அளந்தார். இன்றைக்கு அது கையடக்கம். மூக்கில் கிளிப், வாயில் குழல். முழுசாக இழுத்து, முடிந்த வேகத்தில் வெளியே தள்ள வேண்டும். பக்கத்தில் நிற்பவர் 'ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க' என்று கத்திக்கொண்டே இருப்பார். ஊதிய மொத்தக் காற்றில் முதல் வினாடியிலேயே எழுபது சதவீதத்துக்குமேல் வந்துவிட்டால் குழாய் திறந்திருக்கிறது. குறைந்தால் அடைப்பு. அப்போது குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் பம்ப் அடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்வார்கள். முதல் வினாடியில் வரும் அளவு 12 சதவீதமும் 200 மில்லியும் ஏறினால் ஆஸ்துமா பக்கம் சாய்கிறது. சுருங்கிய குழாய் விரியக்கூடியது. ஏறாமல் நின்றால் நாள்பட்ட அடைப்பு நோய், சிஓபிடி.

கடையம், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரத்தில் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுக்கப் புகையிலைத் தூளோடு இருக்கிறார்கள். பலருக்கு விறகடுப்புப் புகையும் சேர்கிறது. ஒரு பீடிகூடப் பற்றவைக்காத பெண்ணுக்குச் சிஓபிடி வரலாம் என்பது கேட்பவர்களுக்கே வியப்பாக இருக்கிறது. 'வயசாச்சு, எளைக்குது' என்று அவர்களை விட்டுவிடுகிறோம். ஊதவைத்துப் பார்க்க வேண்டிய முதல் ஆட்கள் அவர்கள்தான்.

பம்ப் பழகிப்போகும், அது கடைசி மருந்து என்ற பயம் இன்னும் தெருவில் உலவுகிறது. கணக்கைப் பாருங்கள்: சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், பம்பில் ஓர் அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம். ஒரு மாத்திரைக்கு நாற்பது அழுத்தல். மாத்திரை உடம்பெல்லாம் சுற்றிக் கையை நடுங்கவைத்துவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும். பம்ப் நேரே குழாய்க்குப் போகிறது. ஆனால் நடுநடுவே இழுப்பைத் தணிப்பது மட்டுமே அதன் வேலை. உள்வீக்கத்தை அடக்குவது தினமும் இழுக்க வேண்டிய ஸ்டீராய்டு பம்ப். இழுப்பு இல்லாத நாளிலும் அதை விடக்கூடாது. இழுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பிளாஸ்டிக் ஸ்பேசரை மாட்டி, மெதுவாக உள்ளிழுத்து, பத்து வினாடி மூச்சைப் பிடித்து வைத்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடாமல் இறங்கும்.