கோப்பிச் சக்கையும் தேயிலைச் சக்கையும்: செடிக்கு முன் கூட்டெருவுக்கு

கனடாவில் எமது வீட்டுத்தோட்டங்களுக்கு ஆண்டில் ஐந்து மாதங்கள்தான் ஆயுள். மே மாதம் விக்டோரியா தின நீள்விடுமுறையோடு கன்றுகளை வெளியே நடுகிறோம். ஒக்ரோபரில் உறைபனி விழுந்ததும் எல்லாம் முடிந்துவிடுகிறது. மிளகாயும் கத்தரியும் வெண்டியும் பாவலும் இதற்குள் காய்த்தாக வேண்டும். ஒரு கன்று மூன்று நான்கு வாரம் வளராமல் நின்றுவிட்டால், அந்த ஆண்டு அதன் காயை நாம் பெரும்பாலும் பார்க்கப்போவதில்லை.

அப்படிக் கன்றுகளை முடக்கக்கூடிய ஒரு பழக்கம், நல்ல பசளை என்ற பெயரில் எம்மிடையே பரவியிருக்கிறது. வடித்து முடித்த கோப்பிச் சக்கையையும் தேயிலைச் சக்கையையும் நேரே செடியின் அடியில் கொட்டுவதே அது. இவை பயனற்ற பொருட்கள் அல்ல. ஆனால் இவை பசளை அல்ல, பசளைக்கான மூலப்பொருள். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் இரண்டையும் நன்றாகப் பயன்படுத்தலாம்.

ஊரில் சரியாக இருந்தது இங்கே ஏன் பிழைக்கிறது?

ஊரில் தேநீர் வடியில் மிஞ்சிய சக்கையைக் கொல்லைப்புறத்தில் வாழையடியிலோ தென்னையடியிலோ வீசினோம். அது ஒரு கைப்பிடி அளவு, விழுந்த இடமோ அகன்ற நிலம். ஆண்டு முழுவதும் சூடான அந்த மண்ணில் மண்புழுவும் நுண்ணுயிர்களும் அதை விரைவில் உக்கச் செய்துவிடும்.

இங்கே நிலைமை வேறு. கோப்பி இயந்திரத்தின் வடிதாள் நிறைய ஒவ்வொரு நாளும் சக்கை சேர்கிறது. அது போய்ச் சேருவது பெரும்பாலும் ஒரு சாடிக்குள். வசந்தகால மண்ணோ இன்னும் குளிர் விடாதது. உக்கல் மிக மெதுவாகத்தான் நடக்கும்.

சக்கைக்குள் என்ன இருக்கிறது?

காய்ந்த கோப்பிச் சக்கையின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் நைதரசன் உண்டு. பொஸ்பரசும் பொற்றாசியமும் சிறிதளவு உண்டு. ஆனால் அந்த நைதரசனின் பெரும்பகுதி புரதங்களுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. நுண்ணுயிர்கள் அதை உடைத்து வெளியே விட மாதங்கள் ஆகும். அதுவரை வேர்கள் அதைப் பயன்படுத்த முடியாது.

கோப்பிச் சக்கை மண்ணை அமிலமாக்கும் என்று பலர் நம்புகிறார்கள். கோப்பியிலுள்ள அமிலங்களில் பெரும்பகுதி நாம் குடிக்கும் பானத்தோடு போய்விடுகிறது. மிஞ்சும் சக்கையின் பிஎச் அளவு பெரும்பாலும் 6க்கும் 7க்கும் இடையில், நடுநிலைக்கு அருகில் இருக்கும். தென் ஒன்ராறியோவின் மண் பல இடங்களில் சுண்ணாம்புத்தன்மை கொண்டது. அதைக் கோப்பிச் சக்கையால் மாற்றிவிட முடியாது.

சக்கையில் தங்கிவிடும் கஃபீனையும் கவனிக்க வேண்டும். கோப்பிச் செடியும் தேயிலைச் செடியும் தம்மைப் பூச்சிகளிடமிருந்து காத்துக்கொள்ள உருவாக்கும் பொருள் அது. விதை முளைப்பதையும் இளம் வேர் நீள்வதையும் அது தடுக்க வல்லது.

மெல்பேர்ண் ஆய்வு சொன்னது

அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புரொக்கோலி, லீக்ஸ், முள்ளங்கி, சூரியகாந்தி, வயோலா ஆகிய ஐந்து செடிகளை வெவ்வேறு வகை மண்ணில் வளர்த்து, உக்காத கோப்பிச் சக்கையைக் கலந்து பார்த்தார்கள். ஐந்திலும் வளர்ச்சி குன்றியது. பசளை சேர்த்துக் கொடுத்தபோதும் நிலைமை மாறவில்லை. எனவே நைதரசன் குறைபாடு மட்டும் காரணமல்ல, சக்கையிலுள்ள நச்சுப் பொருட்களே காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறன் கூடியது, களைகளும் குறைந்தன. ஆனால் களையைத் தடுப்பது எதுவோ அதுவே எமது கீரை விதையையும் தடுக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கோப்பிச் சக்கை மிக நுண்ணியது. மண்ணின்மேல் தடிப்பாகப் போட்டால் காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும். ஊற்றும் தண்ணீர் உள்ளே போகாமல் ஓரமாக வழிந்துவிடும்.

சரியான வழி: கூட்டெரு

கூட்டெருக் குவியலுக்கு நைதரசன் உள்ள ஈரப் பொருளும் காபன் உள்ள காய்ந்த பொருளும் வேண்டும். கோப்பிச் சக்கை பார்வைக்கு மண்ணிறமாக இருந்தாலும் மரக்கறித் தோலைப்போல் ஈரப் பொருளின் வகையைச் சேர்ந்தது. காய்ந்த பொருளுக்கு எமக்குப் பஞ்சமில்லை. இலையுதிர்காலத்தில் பைபைகளாகக் கட்டி வீதியில் வைக்கும் மேப்பிள் இலைகளில் இரண்டு மூன்று பைகளை எடுத்துவைத்தால் ஆண்டு முழுவதும் போதும்.

ஒரு பங்கு சமையலறைக் கழிவுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த இலை போடலாம். மொத்தக் குவியலில் கோப்பிச் சக்கை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. பிழிந்த துணியளவு ஈரம் இருக்க வேண்டும். இடையிடையே கிளறிவிட வேண்டும். குளிர்காலத்தில் குவியல் உறைந்து கிடக்கும், வசந்தத்தில் தானாகவே மீண்டும் வேலை செய்யத் தொடங்கும். கறுப்பாகி, பொலபொலவென்று, மண் மணம் வீசினால் அது ஆயத்தம். கோப்பி வடிதாளையும் கிழித்து இதற்குள் போடலாம்.

ஸ்ரார்பக்ஸ் நிறுவனம் 1995ஆம் ஆண்டிலிருந்து கோப்பிச் சக்கையைத் தோட்டக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்துவருகிறது. அங்கிருந்து மூட்டையாகக் கொண்டுவருபவர்கள் இந்த அளவைக் கட்டாயம் மனதில் வைத்திருக்க வேண்டும்.

தேயிலையில் கவனிக்க வேண்டியவை

தேயிலைச் சக்கைக்கும் கூட்டெருவே நல்ல இடம். எமது வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சும் வழக்கம் உண்டு. அந்தச் சக்கை எறும்பையும் ஈயையும் அழைக்கும், பால் புளித்து நாறும், ரொறன்ரோவின் ரக்கூன்களும் தேடி வரும். வெறும் சாயம் வடித்த சக்கையை மட்டும் சேருங்கள். பால் சேர்ந்ததை மாநகரசபையின் பச்சைத் தொட்டியில் போட்டுவிடலாம்.

தேயிலைப் பைகள் இன்னொரு பிரச்சினை. பல பைகளில் பிளாஸ்ரிக் நார் கலந்திருக்கிறது. மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிளாஸ்ரிக்கால் ஆன ஒரு தேயிலைப் பை கொதிநீரில் கோடிக்கணக்கான நுண்துகள்களை விடுகிறது. தாவரப் பொருளில் செய்தவை என்று விற்கப்படும் பைகள் பலவும் பெரிய ஆலைகளின் சூட்டில்தான் உக்கும், வீட்டுக் குவியலில் அப்படியே கிடக்கும். பையைக் கிழித்துத் தேயிலையை மட்டும் எடுப்பதே பாதுகாப்பு.

கறிவேப்பிலைச் சாடிக்கு வேண்டாம்

குளிர்காலத்தில் வீட்டுக்குள் வைத்துக் குழந்தைபோல் பார்க்கும் கறிவேப்பிலைதான் இந்தப் பழக்கத்தால் அதிகம் பாதிக்கப்படுகிறது. இலை மஞ்சளானதும் பசளை போதவில்லை என்று நினைத்துச் சக்கையைப் போடுகிறோம். அந்நேரத்தில் இலை மஞ்சளாவதற்குப் பெரும்பாலும் வெளிச்சக் குறைவும் அதிகத் தண்ணீருமே காரணம். ஈரச் சக்கை பூஞ்சணத்தை வளர்க்கும், மண்ணில் சிறு கறுப்பு ஈக்களைப் பெருக்கும். தெற்குப் பார்த்த சன்னலோரம் வைத்து, மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள். வசந்தத்தில் புதுத் துளிர் கண்டபின் உக்கிய கூட்டெருவை ஒரு கைப்பிடி கொடுங்கள். அதுவே போதும்.

நாய் வளர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கஃபீன் நாய்களுக்கு நஞ்சு. அவற்றுக்கு எட்டும் இடத்தில் கோப்பிச் சக்கையைப் பரப்பிவைக்க வேண்டாம்.

இவ்வாண்டு சேரும் சக்கையை இப்போதே கூட்டெருவில் சேர்க்கத் தொடங்குவோம். இலையுதிர்காலத்தில் காய்ந்த இலையும் அதோடு சேரட்டும். அடுத்த ஆண்டு கன்று நடும்போது குழிக்கு இரண்டு கைப்பிடி போட அது ஆயத்தமாக இருக்கும்.