ஒரு சொட்டு இரத்தம் போதும்

யானைக்கால் நோயை நம் பெரியவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பரிசோதித்துக் கண்டுபிடிப்பது லேசான வேலையல்ல. அந்தப் புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் வெளி இரத்தத்தில் உலவ வரும். ஆகவே சுகாதார ஊழியர்கள் இருட்டிய பிறகு வீடு வீடாகப் போய் விரலில் குத்த வேண்டியிருந்தது.

இந்தச் சிரமத்தைக் குறைத்தது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (நமக்கு யுஎஸ்எம்) பேராசிரியர் ரஹ்மா நூர்டின் குழு. அவர்களின் ‘புரூகியா ரேபிட்’ பட்டை புழுவைத் தேடுவதில்லை. உடலில் உண்டாகும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. பகலிலேயே ஒரு சொட்டு எடுத்தால் போதும். மருந்து விநியோகத்தை நிறுத்தலாமா என்று பார்க்க 6, 7 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தும் கணக்கெடுப்புக்கு, உலகச் சுகாதார நிறுவனத்தின் 2011 வழிகாட்டியிலும் அது இடம்பிடித்தது.

ஆய்வுக்கூடத்தில் பிறந்ததை ஒரு மலேசிய நிறுவனம் தயாரித்ததால்தான் அது இந்தோனேசியா வரை போனது. பல கண்டுபிடிப்புகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன.

பினாங்கில் அப்படி நிற்க வேண்டியதில்லை. பாயான் லெப்பாஸில் பி. பிரவுன் 1972 முதல் இருக்கிறது, குளுகோரில் யுஎஸ்எம். இடையே சில கிலோமீட்டர்தான், நெரிசல் வேறு விஷயம்! உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் மானியம் அடிப்படை ஆய்வுக்கு, பிஆர்ஜிஎஸ் மாதிரிக் கருவிக்கு. விண்ணப்பிக்க வேண்டியவர் உயர்கல்விக்கூட ஆய்வாளர். யோசனை வைத்திருக்கும் தொழிற்சாலைப் பொறியாளர்கள் முதலில் ஒரு விரிவுரையாளரைப் பார்த்துப் பேசுங்கள். காப்புரிமையில் யாருக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் மனஸ்தாபம் வராது.