இலவசம்னா என்ன? ஓசின்னா என்ன? உரிமைன்னா என்ன?



தேர்தல் வந்தாலே நம்ம குழுக் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் தானாக வந்துவிடும். "எல்லாத்தையும் இலவசமா கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்பார் ஒருவர். "நமக்கு வர்றது மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுதா?" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் 'இலவசம்' என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் மனசில் இருப்பது கலர் டி.வி., இன்னொருவர் மனசில் இருப்பது ரேஷன் அரிசி. அதனால் சண்டை தீர்வதே இல்லை. எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இல்லாமல், இந்தச் சொல்லை மட்டும் இந்த இதழில் பிரித்துப் பார்ப்போம்.

சொல்லுக்கு என்ன அர்த்தம்?

இலவசம் என்றால் வாங்கும் இடத்தில் நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்தப் பொருளுக்குச் செலவே ஆகவில்லை என்று அர்த்தமில்லை. யாரோ ஒருவர் கொடுத்திருக்கிறார். அந்த யாரோ யார் என்பதுதான் முக்கியமான கேள்வி.

வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டு மே 23 அன்று தருமச்சாலையைத் தொடங்கினார். அங்கே அணையா அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வந்தவருக்குச் சோறு கிடைக்கிறது. அது தருமம். மனசு உள்ளவர்கள் தங்கள் அரிசியை, தங்கள் பணத்தைக் கொடுக்கிறார்கள். வாங்குபவர் நன்றி சொல்வது நியாயம்.

அரசாங்கம் கொடுப்பது தருமம் இல்லை. எந்த மந்திரியும் எந்தக் கட்சியும் சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. அது வரிப்பணம். "நாங்க எங்கே வரி கட்டுறோம்?" என்று கேட்காதீர்கள். சோப்பு வாங்கினாலும், பிஸ்கட் வாங்கினாலும், செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தாலும் அதில் வரி இருக்கிறது. 2003 கடைசியிலிருந்து சாராயக் கடையை அரசின் டாஸ்மாக்தான் நடத்துகிறது. வீட்டுக்காரர் அங்கே கொடுத்துவிட்டு வரும் கூலிப் பணத்திலும் பெரும்பங்கு அரசுக்குத்தான் போகிறது. நம்ம வீட்டுப் பணமும் அந்தக் கஜானாவில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

'ஓசி' எங்கிருந்து வந்தது?

இதற்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் கம்பெனி வேலையாகப் போகும் கடிதங்களுக்குத் தபால் கட்டணம் கிடையாதாம். அதற்கு அடையாளமாக உறைமேல் 'ஓ.சி.' என்று எழுதுவார்களாம். 1690-ல் நம்ம கடலூர் தேவனாம்பட்டினத்தில் கோட்டையை விலைக்கு வாங்கிய அதே கம்பெனிதான். கதைப்படி பார்த்தால் முதலில் ஓசியில் போனது ஏழையின் கடிதம் இல்லை, ஆள்பவரின் கடிதம்!

2021 மே மாதம் சாதாரணக் கட்டண அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரத்துக்கு மீன் கூடையோடு போகும் அக்காவுக்கும், புவனகிரியிலிருந்து ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் தினமும் பஸ் காசு மிச்சமாயிற்று. 2022-ல் அமைச்சர் ஒருவர் இதை மேடையில் 'ஓசி' என்று சொன்னபோது, காசு கொடுத்தே டிக்கெட் வாங்குவோம் என்று சில பெண்கள் பஸ்ஸிலேயே வாதாடினார்கள். அவர்களுக்குக் கோபம் பயணத்தின் மேல் இல்லை, அந்தச் சொல்லின் மேல்.

பெரிய இடத்தில் நடந்த வாதம்

2006 தேர்தலில் கலர் டி.வி., 2011 தேர்தலில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று வாக்குறுதிகள் வந்தன. இதை எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி என்ற வழக்கறிஞர் உச்சநீதிமன்றம் வரை போனார். 2013 ஜூலை 5-ல் தீர்ப்பு வந்தது. தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது சட்டப்படி ஊழல் குற்றம் ஆகாது என்றது நீதிமன்றம். ஆனாலும் இது நேர்மையான தேர்தலின் வேரையே அசைக்கிறது என்றும் சொன்னது. இதற்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, வாக்குறுதி தரும் கட்சி அதற்கான காரணத்தையும், பணம் எந்த வழியில் வரும் என்பதையும் சொல்ல வேண்டும் என்று ஆணையம் விதி செய்தது.

2022 ஜூலையில் பிரதமர் மோடி 'ரேவடிக் கலாச்சாரம்' நாட்டின் வளர்ச்சிக்கு ஆபத்து என்று பேசினார். ரேவடி என்பது வடக்கே பங்கிடும் எள் மிட்டாய். நலத்திட்டங்களை மிட்டாயோடு ஒப்பிடக் கூடாது என்று தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. அந்த ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் இந்த வழக்கை மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. கடன் வாங்கிப் பொருள் கொடுத்தால் வட்டியை நம்ம பிள்ளைகள்தான் கட்ட வேண்டும். அதே சமயம், 2019 செப்டம்பரில் மத்திய அரசு கம்பெனிகளின் வருமான வரியைக் குறைத்தது. அதனால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வரவு குறையும் என்று அரசே சொன்னது. அதற்குப் பெயர் 'சலுகை', 'ஊக்கம்'. அதை யாரும் இலவசம் என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்குப் போனால் ஒரு பெயர், நமக்கு வந்தால் வேறு பெயர்!

எதை என்னவென்று சொல்வது?

1. உரிமை: சட்டம் நமக்குக் கொடுத்தது. 6 முதல் 14 வயது வரை பிள்ளைக்கு இலவசக் கட்டாயக் கல்வி 2009 சட்டப்படி உரிமை. கொடுக்காவிட்டால் கேட்கலாம், வழக்கும் போடலாம்.

2. நலத்திட்டம்: அரசு முடிவு செய்து நடத்துவது. 1956-ல் காமராசர் மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு. வீண் செலவு என்று அன்றைக்கும் பேசினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் வந்ததை ஊரே பார்த்தது. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மாதம் 1000 ரூபாய்க்கு அரசே 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது. பெண்கள் வீட்டில் செய்யும் சம்பளமில்லா வேலைக்கு அங்கீகாரம் என்று காரணமும் சொன்னது.

3. மானியம்: விலையில் ஒரு பங்கை அரசு ஏற்பது. மீதியை நாம் கட்டுகிறோம்.

4. தள்ளுபடி: வாங்கிய கடனை அரசு ஏற்பது. 2021 மார்ச் 31 நிலவரப்படி கூட்டுறவு நிறுவனங்களில் பாக்கி இருந்த மகளிர் குழுக் கடன்கள் தள்ளுபடி ஆயின. ஒழுங்காகக் கட்டி முடித்த குழுவுக்கும், வேறு வங்கியில் வாங்கிய குழுவுக்கும் அதில் எதுவும் இல்லை. அந்த மனக்குறை நியாயமானதே.

5. லஞ்சம்: ஓட்டுக்கு முதல் நாள் ராத்திரி வரும் கவர். இது இலவசமும் இல்லை, திட்டமும் இல்லை. கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். முதல் நான்கையும் இதையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசினால், நியாயமாக வருவதையும் கூச்சத்தோடு வாங்க வேண்டி வரும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்தத் திட்டம் வந்தாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்:

- பணம் எங்கிருந்து வருகிறது?
- யாருக்குக் கிடைக்கிறது, யார் விடுபட்டார்கள்?
- தேர்தல் முடிந்த பிறகும் தொடருமா?
- இதனால் ஒரு பெண்ணின் வேலை, படிப்பு, உடம்பு ஏதாவது ஒரு படி மேலே போகுமா?

நான்குக்கும் நல்ல பதில் இருந்தால் தலைநிமிர்ந்து வாங்குவோம். பதில் இல்லை என்றால், வாங்கினாலும் கேள்வி கேட்பதை விட வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நம்ம குழுவின் சேமிப்பும் உள்கடனும் அரசுப் பணம் இல்லை, கட்சிப் பணமும் இல்லை. அது நாம் வாரம் வாரம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட சந்தா. அதற்கு எந்த மேடையிலிருந்தும் தள்ளுபடி வராது. "எப்படியும் தள்ளுபடி ஆயிடும்" என்று ஒருவர் உள்கடனைக் கட்டாமல் விட்டால், இழப்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சகோதரிதான்.

அடுத்த கூட்டத்தில் ஊக்குநர்கள் இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் ஊருக்கு வரும் திட்டங்களை இந்த ஐந்து வகையில் பிரித்துத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். எந்த வகை என்று சண்டை வந்தால் வரட்டும். அது தெரிந்து போடும் சண்டையாக இருக்கும்.