குடிமதிப்பும் முத்திரையும்: அரசின் மீது மக்கள் கொள்ளும் ஐயத்தைப் பற்றி

அரசு தரும் அடையாள எண்ணைப் பெறலாமா என்று ஆயரிடம் வந்து கேட்கும் சபையார் இன்றும் உண்டு. வரி செலுத்துவது கள்வர் கையில் பொருளைக் கொடுப்பதற்கு ஒப்பாகும் என்போரும், யாருக்கு வாக்களித்தாலும் பயன் ஒன்றே என்று தேர்தல் நாளன்று வீட்டிலிருந்துவிடுவோரும் நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கின்றனர். இவர்களுக்கு விடையளிக்க வேண்டிய ஆயர்களில் சிலர் ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி அவர்களுடைய வாயை அடைத்துவிடுகின்றனர். வேறு சிலர் வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி அச்சத்தை வளர்த்துவிடுகின்றனர். ஐயம் எதனால் எழுந்தது என்று கேட்பவர் சிலரே. திருமறையோ இந்த ஐயத்தை நன்கு அறியும்.

கி.பி. 6ஆம் ஆண்டில் அகுஸ்துராயன் அர்கெலாயுவை ஆட்சியிலிருந்து நீக்கிக் கால் நாட்டுக்கு நாடு கடத்தினான். யூதேயா ரோமரின் நேரடி ஆட்சிக்குட்பட்டது. சீரியாவின் தேசாதிபதியாகிய சிரேனியு மக்களின் சொத்துக்களை மதிப்பிட்டுப் பதிவு செய்ய வந்தான். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் நம் மொழிபெயர்ப்பாளர் 'குடிமதிப்பு' என்ற அழகிய சொல்லால் குறிப்பது இத்தகைய பதிவையே. (லூக்கா தரும் காலக்கணக்கில் உள்ள சிக்கலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.) அப்பொழுது கலிலேயனாகிய யூதாவும், சாதோக்கு என்ற பரிசேயனும் மக்களைக் கிளர்ச்சிக்கு அழைத்தனர் என்று யோசீபஸ் எழுதுகிறார். இந்த மதிப்பீடு அடிமைத்தனமேயன்றி வேறல்ல என்றும், கடவுளைத் தவிர வேறு எசமானரை ஏற்கலாகாது என்றும் அவர்கள் போதித்தனர். பிரதான ஆசாரியனாகிய யோவாசாரோ பதிவுக்கு இணங்கும்படி மக்களை வற்புறுத்தினான். அப்போஸ்தலர் 5:37 இந்த யூதாவின் முடிவை நினைவூட்டுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. யூதாவின் மறுப்பு வரியின் அளவைப் பற்றியது மட்டுமன்று. நிலம் கர்த்தருடையது என்று லேவியராகமம் 25:23 கூற, அந்நிலத்தை வேறொருவன் தன் ஏட்டில் எழுதிக்கொள்கிறான் என்பதே அவனை வாட்டியது. தாவீது மக்களைத் தொகையிட்டபோது நேர்ந்ததை (2 சாமுவேல் 24) அறிந்த மக்களுக்கு அரசனின் கணக்கேடு அச்சந்தருவதாகவே இருந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 66இல் எருசலேமில் கிளர்ச்சி மூண்டபோது, கலகக்காரர் ஆவணக் காப்பகத்துக்குத் தீ வைத்துக் கடன் பத்திரங்களை எரித்தனர். கடன்பட்ட ஏழைகளைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்வதற்காகவே அவ்வாறு செய்தனர் என்று யோசீபஸே குறிப்பிடுகிறார். ஏழையின் கண்ணுக்கு ஏடு என்பது தன் பெயரைக் காக்கும் பொருளாகத் தோன்றவில்லை. தன்னைப் பிடிக்கும் பொறியாகத் தோன்றிற்று.

இந்தப் பின்னணியிலேதான் மாற்கு 12:13-17ஐ வாசிக்க வேண்டும். அங்கே வரியைக் குறிக்க வரும் கிரேக்கச் சொல் 'கென்சோஸ்' என்பது. 'சென்சுஸ்' என்ற இலத்தீன் சொல்லின் வடிவமே அது. பதிவையும், பதிவின்மேல் விழும் தலைவரியையும் அது ஒருங்கே குறிக்கும். ஆகவே கேட்டவர்கள் வெறும் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. யூதாவின் பக்கம் நிற்கிறீரா, யோவாசாரின் பக்கம் நிற்கிறீரா என்றே கேட்டனர். ஆண்டவர் ஒரு தெனாரியத்தைக் கொண்டுவரச் சொன்னார். அது திபேரியுவின் நாணயமாயிருந்திருக்குமாயின், அவனைத் தெய்வமான அகுஸ்துவின் மகன் என்று அது அறிவித்திருக்கும். அத்தகைய காசு கேள்வி கேட்டவர்களிடமே இருந்தது, அவரிடம் இல்லை. மேலும் 'கொடுக்கலாமா' என்ற கேள்விக்கு அவர் 'திருப்பிக் கொடுங்கள்' என்று பொருள்படும் வேறொரு வினைச்சொல்லால் விடையளிக்கிறார். இராயனின் உருவம் பதிந்த காசு அவனிடமே திரும்பட்டும். கடவுளின் சாயல் பதிந்த மனிதனோ கடவுளுக்குரியவன் என்று தெர்த்துல்லியன் இதை விளக்கினார். ஆதியாகமம் 1:27இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் வரும் அதே 'எய்க்கோன்' என்ற சொல்லே நாணயத்தின் உருவத்துக்கும் வருகிறது. இவ்வளவு நுணுக்கமாக விடையளித்தவர்மீதே, வரி கொடுக்க வேண்டாமென்றான் என்ற பொய்க் குற்றச்சாட்டு லூக்கா 23:2இல் சுமத்தப்பட்டது!

வரியைப் பற்றிய வெறுப்பு வேறொரு வழியிலும் வந்தது. 'ஆயக்காரர்' என்று நம் வேதாகமம் மொழிபெயர்த்திருப்பது மிகப் பொருத்தமானது; ஆயம் என்பது சுங்கத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். சுங்கம் பிரிக்கும் உரிமையைக் குத்தகை எடுத்தவன், கட்டிய தொகைக்கு மேல் வருவதைத் தன்னுடையதாக்கிக் கொண்டான். சகேயுவின் மனந்திரும்புதல் நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதில் முடிவதற்குக் காரணம் இதுவே. பவுல் ரோமர் 13:7இல் வரியையும் தீர்வையையும் தனித்தனியே கூறுவதும் தற்செயலன்று. அந்நிருபம் கி.பி. 56 முதல் 58 வரையிலான காலத்தை ஒட்டி எழுதப்பட்டது. 58இல் சுங்கக் குத்தகைக்காரரின் கொடுமையைப் பற்றி ரோமில் முறையீடுகள் பெருகியதால், மறைமுக வரிகள் அனைத்தையும் நீக்கிவிடலாமா என்று நீரோ எண்ணினான் என்று தாசித்து எழுதுகிறார். ஆகவே பவுல் அரசனின் நேர்மையை வியந்து இப்பகுதியை எழுதினார் என்று கொள்வது சரியன்று. வரிக் கிளர்ச்சியில் சிக்கினால் அச்சிறு சபை அழிந்துவிடும் என்பதையும் அவர் கருதியிருக்கக்கூடும்.

இனி முத்திரைக்கு வருவோம். 666 என்ற எண், எபிரெய எழுத்துக்களின் மதிப்பின்படி நீரோ இராயனின் பெயரைக் குறிக்கிறது என்பது பெரும்பாலான அறிஞரின் கருத்து. சில கையெழுத்துப் பிரதிகளில் 616 என்றும் காணப்படுகிறது. எண்ணைவிட முக்கியமானது, 13ஆம் அதிகாரத்தில் முத்திரையும் வணக்கமும் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதே. இதன் மெய்யான நிகழ்வைக் காண விரும்புவோர் கி.பி. 250ஐப் பார்க்கலாம். தேசியு பேரரசன் எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டுமென ஆணையிட்டான். எகிப்தின் மணலிலிருந்து இத்தகைய சான்றிதழ்கள் நாற்பதுக்கு மேல் கிடைத்துள்ளன. பெயர், தந்தை பெயர், ஊர் முதலியவை அவற்றில் உள்ளன. சிலவற்றில் வயதும் உடலிலுள்ள தழும்பும்கூடக் குறிக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, உங்கள் முன்னிலையில் பலியிட்டுப் பலிப்பொருளைச் சுவைத்தேன் என்ற உறுதிமொழி வருகிறது. திருச்சபையை உலுக்கியது தழும்பும் ஊர்ப்பெயருமல்ல, இறுதியிலுள்ள அவ்வுறுதிமொழியே. பலியிடாமல் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களையும் கார்த்தேஜ் சபை ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்படுத்தியது.

இந்த அளவுகோலை இரஷ்யத் திருச்சபையும் கண்டறிந்தது. 1990களின் இறுதியில் அரசு வரி செலுத்துவோருக்கு எண் வழங்கியபோது மடங்களிலும் சபைகளிலும் பெருங்கலக்கம் எழுந்தது. கிறிஸ்துவுக்கு அறிந்தே துரோகம் செய்ததன் விளைவாக இராவிடில் எந்தப் புற அடையாளமும் ஆன்மாவைக் கெடுக்காது என்று 2000இல் ஆயர் மன்றம் அறிவித்தது. எண்ணைப் பெறுவது விசுவாச அறிக்கையுமல்ல, பாவச்செயலுமல்ல என்று 2001 பிப்ரவரியில் இறையியல் குழு தெளிவுபடுத்தியது. நல்ல தீர்ப்பு அது.

ஆனால் முத்திரை அல்ல என்று கூறியதோடு ஆயரின் பணி தீர்ந்துவிடுமா? நம் நாட்டின் ஆதார் எண் எந்தத் தேவனையும் வணங்கச் சொல்லவில்லை. அதைப் பெறுபவர் விசுவாசத்தை இழப்பதில்லை. ஆயினும், 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் ஒரு சிறுமி இறந்தபோது, எண்ணை இணைக்காததால் ரேஷன் நின்று பசியால் இறந்தாள் என்று குடும்பத்தார் கூறினர். அதிகாரிகள் நோயே காரணம் என்று மறுத்தனர். அதே ஆண்டு ஆகஸ்டு 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்த்தனர். 2018 செப்டம்பர் 26இல் ஐவர் அமர்வு, நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில், ஆதார் சட்டத்தை ஏற்று, தனியார் நிறுவனங்கள் எண்ணைக் கேட்பதற்கு இடமளித்த பகுதியை நீக்கியது. இங்கே நாம் திறக்க வேண்டிய திருமறைப் பகுதி வெளிப்படுத்தின விசேஷம் அன்று. எழுத்தின் வாயிலாக ஏழையின் நியாயத்தைப் பறிப்பவர்மேல் ஐயோ என்று கூறும் ஏசாயா 10:1-2 ஆகும். கைரேகை தேய்ந்த கூலித் தொழிலாளியோடு ரேஷன் கடைக்குப் போய் நிற்கும் ஆயர், 666ஐப் பற்றி மூன்று இரவுக் கூட்டம் நடத்துபவரைவிட இப்பகுதியை நன்கு விளக்குகிறார்.

மறுப்பவர் எல்லாரும் அறியாதவர் அல்லர் என்பதையும் கூற வேண்டும். அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள் வருமான வரியையும் சொத்து வரியையும் செலுத்துபவர்கள். முதியோரைக் காப்பது சபையின் கடமை என்பதால் சமூகக் காப்புறுதி வரியை மட்டும் மறுத்தனர். 1961இல் பென்சில்வேனியாவில் உழுதுகொண்டிருந்த ஒரு விவசாயியின் குதிரைகளை வரித்துறை பறிமுதல் செய்தது; 1965இல் காங்கிரஸ் விலக்களித்தது. அவர்கள் முதியோரைத் தாங்களே காத்துவந்தார்கள் என்பதால் அம்மறுப்புக்கு எடை இருந்தது.

தேர்தலைப் பற்றிய சலிப்புக்கு நியாயாதிபதிகள் 9ஐ விடப் பொருத்தமான பகுதி இல்லை. பாகால்பேரீத்தின் கோயிலிலிருந்து எழுபது வெள்ளிக்காசு பெற்று, அதைக் கொண்டு வீணரைக் கூலிக்கமர்த்தி அபிமெலேக்கு அரசனானான். பணம் எங்கிருந்து வந்தது என்று திருமறை தயங்காமல் எழுதி வைத்திருக்கிறது. 2018 முதல் நடைமுறையிலிருந்த தேர்தல் பத்திரத் திட்டத்தில் கொடுத்தவர் பெயர் வாக்காளருக்கு மறைக்கப்பட்டிருந்தது. வாக்காளரின் அறியும் உரிமையை மீறுகிறதென்று 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. (நம் திருமண்டலத் தேர்தல்களில் செலவாகும் பணத்துக்கு இத்தகைய தீர்ப்பை யார் வழங்குவார் என்று இறையியல் மாணவர் கேட்டால் ஆசிரியர் தலைகுனிய நேரிடும்.) யோதாமின் உவமையில் ஒலிவமரமும் அத்திமரமும் திராட்சச்செடியும் தத்தம் கனியின் மேன்மையைச் சொல்லி ஒதுங்கிக்கொள்கின்றன, முட்செடி மட்டுமே அழைப்பை ஏற்கிறது. உவமையைக் கெரிசீம் மலையுச்சியிலிருந்து சத்தமிட்டுக் கூறிய யோதாம், பின் சகோதரனுக்குப் பயந்து பேயேருக்கு ஓடிப்போனான். ஆனால் ஓடுவதற்குமுன் சீகேமின் பெரியோர் செய்ததை அவர்கள் காதுபடப் பெயர் சொல்லிப் பேசியிருந்தான்.